ஐந்து சென்ட் முற்றம், 130 டன் கல்

கொடைக்கானலில் அறை தேடி வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் ‘வெந்நீர் வருமா’ என்பார்கள். இப்போது ‘வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா’ என்பதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் வெந்நீர். ஏரியைச் சுற்றி இடம் தீர்ந்து வெகுகாலமாகிறது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலும் செட்டியார் பூங்காவும் இருக்கும் நாயுடுபுரம் பக்கம் தங்கும் வீடுகள் பெருகிவிட்டன. பேரி மரமும் பிளம்ஸ் மரமும் நின்ற முற்றங்கள் கார் நிற்கும் தளங்களாகிக்கொண்டிருக்கின்றன. முதல் மழையில் முற்றம் சேறாகிறது. இரண்டாவது மழையில் ஒரு வேன் புதைகிறது. மூன்றாவது மழைக்குள் வீட்டுக்காரர் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுவிடுகிறார். அவர் வந்து, இடத்தைக் காலால் அளந்து பார்த்து, ஒரே ஒரு எண்ணைச் சொல்கிறார்: சதுர அடிக்கு இவ்வளவு.

இந்தச் சதுர அடிக் கணக்குதான் நாயுடுபுரத்தில் பணத்தைக் கரைக்கிறது என்பது என் கட்சி. அறைக்குள் டைல்ஸ் ஒட்டுவதற்குச் சதுர அடி சரி. அங்கே கீழே ஏற்கெனவே தளம் இருக்கிறது. முற்றத்தில் நாம் வாங்குவது பரப்பை அல்ல, ஆழத்தை. ஆழம் எவ்வளவு, அதில் என்னென்ன, அவை எங்கிருந்து வருகின்றன, மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்ற நான்கு விஷயங்களையும் மறைத்துவிட்டு ஒரே எண்ணாகச் சொல்ல முடிவதுதான் சதுர அடி விலையின் வசதி. அந்த வசதி சொல்கிறவருக்கு, கேட்கிறவருக்கு அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து சென்ட் முற்றம் என்றால் 2,178 சதுர அடி. ஏறக்குறைய 202 சதுர மீட்டர். எட்டுக் கார்கள் வந்து திரும்பி நிற்க இது போதும். கார்களும் எப்போதாவது ஒரு வேனும் மட்டுமே வரும் இடம் என்று வைத்துக்கொண்டு, இளகிய மலைமண்ணின் மேல் முதலில் 15 செ.மீ. கனத்துக்குச் சரளையும் உடைகல்லும் கலந்த அடித்தளம், அதன்மேல் 10 செ.மீ. வெட்மிக்ஸ் (நீர் கலந்து இறுக்கும் ஜல்லிக் கலவை), எல்லாவற்றுக்கும் மேலே 5 செ.மீ. தார்க் கலவை. இது ஆடம்பரக் கணக்கு அல்ல. சில வருடங்கள் தாக்குப்பிடிக்கிற கணக்கு. அடித்தளமும் வெட்மிக்ஸும் ரோலர் ஓடி இறுகிய பிறகு 50 கன மீட்டர் இருக்க வேண்டும். லாரியில் வரும்போது கல் தளர்வாக இருக்கும் என்பதால் வாங்கும்போது சுமார் 23 யூனிட் வாங்க வேண்டும். யூனிட் என்பது 100 கன அடி. எடையில் இது 110 டன். மேலே போடும் தார்க் கலவை 10 கன மீட்டர், 24 டன். அந்தக் கலவையில் நூற்றுக்கு ஐந்து பங்கு தார் என்றால் சுமார் 1,200 கிலோ. ஒரு பீப்பாய் 156 கிலோ. எட்டு பீப்பாய்க்கும் சற்றுக் குறைவு.

ஆக, ஐந்து சென்ட் தார்த் தளம் என்று நாம் சொல்வதில் தார் ஒன்றேகால் டன்கூட இல்லை. கல் மட்டும் 130 டன்னுக்கு மேல்.

இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டு, வழக்கமாக நடக்கும் பேரத்தைக் கவனியுங்கள். ‘தார் விலை ஏறிவிட்டது சார்’ என்பதில்தான் பேச்சு தொடங்கும், முடியும். தார் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதம் இருமுறை மாற்றுகின்றன என்பது உண்மை. டன் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து சென்ட்டுக்கான தார் 60,000 ரூபாய். விலை பத்து சதவீதம் ஏறினாலும் கூடுவது 6,000. ஆனால், கல்லின் விலையில் யூனிட்டுக்கு 500 ரூபாய் கூடினால் 11,500 ரூபாய் போய்விடும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கல்லின் விலையை முடிவுசெய்வது குவாரி மட்டுமல்ல, மலைச்சாலையும்தான். மேஜர் லா பெயரில் லாஸ் காட் என்று இன்னும் வழங்கும் வத்தலக்குண்டு சாலையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் ஜல்லியின் விலையில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டே வருகிறது. மூன்று யூனிட் ஏற்றும் டிப்பர் என்றால் கல்லுக்கு மட்டும் எட்டு நடை. அரசின் விலைப்பட்டியலிலேயே மலைப்பகுதி வேலைக்கெனத் தனிக் கூடுதல் உண்டு. சமவெளியில் இருக்கும் மைத்துனர், ‘எங்கள் ஊரில் இதில் பாதி விலைக்குப் போட்டோம்’ என்று தொலைபேசியில் சொல்வதைக் கேட்டுக் காண்ட்ராக்டரைத் திருடன் என்று நினைக்க வேண்டியதில்லை. அந்த மைத்துனருக்குக் கல் பக்கத்துக் குவாரியிலிருந்து வந்திருக்கும்.

எங்கே சந்தேகப்பட வேண்டுமோ, அது வேறு இடம். 5 செ.மீ. என்று பேசி 2 செ.மீ. போட்டால், 24 டன் கலவைக்குப் பதிலாக ஒன்பதரை டன் போதும். போட்ட அன்று இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு. புகைப்படத்தில் வித்தியாசமே தெரியாது. அடித்தளத்தில் கைவைத்தால் இன்னும் மோசம். அது கண்ணுக்கே தெரியாது. இதற்கு ஒரே மருந்து, விலைச்சீட்டில் சதுர அடியை அடித்துவிட்டு ஒவ்வொரு அடுக்கின் கனத்தையும், எத்தனை யூனிட், எத்தனை டன் என்பதையும் எழுதி வாங்குவது. தார்க் கலவை வரும் ஒவ்வொரு லாரிக்கும் எடைமேடைச் சீட்டு கேட்பது. எடைச் சீட்டு கேட்டால் காண்ட்ராக்டர் கோபித்துக்கொள்வார் என்று பலர் தயங்குகிறார்கள். கேரட் மூட்டைக்கு எடை பார்த்தே பணம் வாங்கும் ஊரில் இந்தத் தயக்கம் எனக்குப் புரியவில்லை.

வரியையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நான்கு லட்சம் என்று பேசி முடித்தால் வரி மட்டும் 72,000 ரூபாய். ‘பில் வேண்டாம் என்றால் குறையும்’ என்பார்கள். குறையும்தான். பில் இல்லாத வேலையில் கனமும் குறைந்தால் எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ள வேண்டியது.

அடுத்தது வானிலை. தார் வேலைக்கான மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறைகளில் ஒரு பட்டியல் இருக்கிறது: எப்போதெல்லாம் வேலையை நிறுத்த வேண்டும் என்று. தளத்தில் தண்ணீர் நின்றால் நிறுத்த வேண்டும். மழை பெய்தாலும் பெய்யப்போவதாகத் தெரிந்தாலும் நிறுத்த வேண்டும். மூடுபனி இருந்தால் நிறுத்த வேண்டும். அடித்தளம் ஈரமாக இருந்தால் நிறுத்த வேண்டும். வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். இதைப் படிக்கும்போது யாரோ கொடைக்கானலைப் பற்றி வர்ணனை எழுதியதுபோல இருக்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடியோடு கோடை மழை. நடுவில் தென்மேற்குப் பருவத்தின் சாரலும் காற்றும் மூடுபனியும். மிச்சமிருப்பது ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை ஒரு சின்ன இடைவெளி. அதிலும் ஜனவரி விடியற்காலையில் புல்மேல் உறைபனி படிந்திருக்கும். தளம் காய்ந்து சூடேற முற்பகல் பத்து மணி ஆகிவிடும். பிற்பகல் மூன்றரைக்கு மேல் மீண்டும் குளிர். ஒரு நாளுக்கு ஐந்தரை மணி நேரம்.

அந்த ஐந்தரை மணி நேரத்துக்குள் கலவை சூடாக வந்து சேர வேண்டும். ஆலையில் 150, 160 டிகிரியில் கலக்கும் கலவையைக் கொட்டிப் பரப்பும்போது 130, 140 டிகிரியாவது இருக்க வேண்டும். 80, 90 டிகிரிக்கு இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிந்திருக்க வேண்டும். சமவெளியில் கலந்து தார்ப்பாய் போட்டு மூடி மலையேற்றினால் வழியில் சூடு இறங்கிக்கொண்டே வரும். வழியிலுள்ள பெருமாள்மலையில் ஒரு மணி நேரம் போக்குவரத்து நெரிசல் என்றால் நாயுடுபுரத்துக்கு வருவது கலவையல்ல, கட்டி. சனி, ஞாயிறுகளில் இந்த வேலையை வைத்துக்கொள்வது பணத்தை வளைவில் கொட்டுவதற்குச் சமம். வேறு வழி, இடத்திலேயே விறகு வைத்துப் பீப்பாயில் தாரைக் காய்ச்சிக் கலப்பது. சின்ன வேலைகளில் இதுதான் நடக்கிறது. வெப்பமானி வைத்துப் பார்ப்பவர் அரிது. புகையின் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் கைதேர்ந்த மேஸ்திரிகள் உண்டு, ஆனால் அவர்களும் குறைந்துவிட்டார்கள். அதிகம் காய்ந்த தார் பசையை இழந்துவிடும். பார்வைக்கு நன்றாக இருக்கும். அடுத்த குளிரில் ஜல்லி உதிரும்.

தாரின் ரகமும் மலைக்கு வேறு. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 73, ஊரின் உச்ச வெப்பத்தை வைத்தே ரகம் பிரிக்கிறது. ஏழு நாள் சராசரி உச்ச வெப்பம் 30 டிகிரியைத் தொடாத இடங்களுக்கு விஜி-10 என்ற இளகிய ரகம். வெயில் கொளுத்தும் ஊர்களுக்கு விஜி-30, விஜி-40. கொடைக்கானல் முதல் வகை. ஆனால், கீழே உள்ள ஆலை கலப்பது சமவெளிக்கு உரியதைத்தான். இரண்டு லாரிக்காக ரகத்தை மாற்ற மாட்டார்கள். விலைச்சீட்டில் ரகத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாலே, எதிரில் இருப்பவர் மலை வேலை தெரிந்தவரா என்பது விளங்கிவிடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், இன்னும் தண்ணீருக்கு வரவில்லை. உண்மையில் நாயுடுபுரத்தில் பட்ஜெட்டை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சாலைக்குத் தன் பெயரைக் கொடுத்த ஜான் லவுடன் மெக்காடம், 1816இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சாலைகளுக்குப் பொறுப்பேற்றவர். அவர் போட்ட சாலைகளில் தார் கிடையாது. பாரத்தைத் தாங்குவது அடியில் இருக்கும் மண்தான், அது ஈரமாகாமல் பார்த்துக்கொள்வதே மேலே இருக்கும் கல்லின் வேலை என்பதுதான் அவருடைய கொள்கையின் சாரம். இருநூறு வருடங்கள் கழித்தும் பொறியாளர்கள் அதை மறுக்கவில்லை. நம் ஒப்பந்தத் தாள்களில் ‘வெட்மிக்ஸ் மெக்காடம்’ என்று அவர் பெயர் இருக்கிறது. அவர் சொன்ன விஷயம்தான் இல்லை.

கொடைக்கானலில் ஆண்டுக்குச் சராசரியாக 1,600 மில்லிமீட்டர் அளவில் மழை. ஐந்து சென்ட் முற்றத்தின்மேல் விழுவது மட்டும் வருடத்துக்கு மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். 25 மி.மீ. மழை ஒரே பொழுதில் கொட்டினால் 5,000 லிட்டர். ஒரு லாரித் தண்ணீர். மரமும் புல்லும் இருந்தபோது இதில் பெரும்பகுதியை மண் மெதுவாகக் குடித்தது. தார் போட்ட பிறகு ஏறக்குறைய முழுவதும் சில நிமிடங்களில் தாழ்ந்த மூலைக்கு வந்து சேரும். அந்த மூலையில் என்ன இருக்கிறது? நாயுடுபுரத்தில் பெரும்பாலும் அடுத்த வீட்டின் கூரை இருக்கிறது, அல்லது அந்த வீட்டைத் தாங்கும் கருங்கல் சுவர் இருக்கிறது. மேல்வீட்டின் தளம் கீழ்வீட்டின் மழை. இந்தச் செலவு எந்த விலைச்சீட்டிலும் வராது. ஒரு கார்த்திகை இரவில் சுவர் உப்பும்போது, இரண்டு குடும்பங்களுக்கும் பேச்சு நிற்கும்போது, வழக்கறிஞர் வீட்டுப் படியில் அது வரும்.

எனவே என் வரிசை இது. முதலில் தாழ்ந்த மூலைக்குப் போய் நின்று, தண்ணீர் வெளியேறும் வழியை முடிவு செய்வது. அதற்குப் பிறகு வாட்டம். ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவு வேண்டும். 14 மீட்டர் நீளத்துக்கு 28 செ.மீ. இறக்கம். அதற்குப் பிறகு ஓரத்தில் திறந்த வாய்க்கால். குழாய் வேண்டாம், இலையும் சேறும் அடைத்துக்கொள்ளும். தடுப்புச் சுவர் இருந்தால் அதில் நீர் கசியத் துளைகள் இருக்கின்றனவா, அவை அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது. இத்தனைக்கும் பணம் ஒதுக்கிவிட்டு மீதி இருந்தால்தான் மேல்தளத்தைப் பற்றிய பேச்சு. தடுப்புச் சுவரும் வாய்க்காலும் சேர்ந்தால் தாரைவிட அதிகம் செலவாகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், மலைச்சரிவில் அப்படித்தான் ஆகும். சரிவில் சமதளம் வேண்டும் என்று கேட்பவர் கொடுக்கிற விலை அது.

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால், அதற்காகச் சமவெளிப் பழக்கத்தில் முற்றத்தின் ஓரத்திலேயே உறிஞ்சுகுழி தோண்டுவது மலையில் விபரீதம். தடுப்புச் சுவருக்குப் பின்னால் மண்ணுக்குள் தண்ணீரை இறக்குவதும் சுவரைத் தள்ளிவிடச் சொல்வதும் ஒன்று. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலைகளைக் கடந்தபோது மண் சரிந்து சாலைகள் துண்டிக்கப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு, ஈரம் ஊறிய சரிவு என்ன செய்யும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. மலையில் சேகரிப்பு என்றால் தொட்டிதான். பத்தாயிரம் லிட்டர் சிமென்ட் தொட்டி ஒன்று தாழ்ந்த பக்கத்தில் இருந்தால், கார் கழுவவும் செடிக்கும் கழிவறைக்கும் ஆகும். கோடையில் லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுக்கும் விடுதிக்காரர்கள், மழைக்காலத்தில் லாரி லாரியாகத் தண்ணீரைக் கீழ்வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் விநோதமாகப் படும். எண்ணெய் சொட்டும் தளத்து நீர் என்பதால் குடிக்க ஆகாது. அதைச் சொல்லிவிட வேண்டும்.

தெருவோரத்தில் இன்னொரு கூத்து. முற்றத்துக்குள் கார் ஏற வேண்டும் என்று நகராட்சி வாய்க்காலின்மேல் சாய்தளம் கட்டுகிறார்கள். அடியில் ஆறங்குலக் குழாய் ஒன்றைப் பதித்துவிட்டு ‘தண்ணீர் போகும்’ என்கிறார்கள். இரண்டு அடி அகல வாய்க்காலின் மழை ஆறங்குலக் குழாய்க்குள் எப்படிப் போகும்? அது சாலைமேல் ஏறும். சாலை அரிக்கும். பிறகு ‘நகராட்சி சாலை போடவில்லை’ என்று மனு. வாய்க்காலின் முழு அகலத்துக்கும் மேலே எடுத்துவிடக்கூடிய கான்கிரீட் பலகையோ இரும்புச் சட்டமோ போடுவதற்கான பணம், மொத்தச் செலவில் சிறு துணுக்கு.

சாலை என்றதும் நினைவுக்கு வருகிறது. தெருவில் அரசு வேலை நடக்கும்போது, ‘அப்படியே நம்ம வாசலுக்கும் ஒரு லோடு’ என்று டிப்பர் ஓட்டுநரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் தமிழகம் முழுக்க உண்டு. மலையில் அதற்கு மவுசு அதிகம். இயந்திரங்கள் ஏற்கெனவே மேலே வந்துவிட்டனவே. இதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆனால், அந்த லோடு எங்கும் மிஞ்சியதல்ல. தெருவின் கனத்திலிருந்து வழித்தெடுத்தது. நம் வாசலில் கறுப்பு இருக்கும். வாசலுக்கு வெளியே அடுத்த மழையில் குழி விழும். அந்தக் குழியில் நம் விருந்தாளியின் காரே இறங்கும்.

இயந்திரங்கள் மேலே வருவதற்கான செலவு ஒரு நியாயமான பிரச்சினைதான். ரோலரும் ஆட்களும் ஐந்து சென்ட்டுக்கு வந்தாலும் ஐம்பது சென்ட்டுக்கு வந்தாலும் ஏற்றி இறக்கும் கூலி ஒன்றே. இதற்கு நேர்மையான வழி, ஒரே தெருவில் நான்கைந்து வீட்டுக்காரர்கள் ஒன்றாகப் பேசி ஒரே வாரத்தில் முடிப்பது. அப்படிச் செய்தால் மேல்வீடு முதல் கீழ்வீடு வரை வாய்க்காலையும் ஒரே கோட்டில் இழுத்துவிடலாம். எனக்கு இதில் விலைக் குறைவைவிட அந்த வாய்க்கால்தான் பெரிய லாபமாகத் தெரிகிறது. கல்யாணத்துக்கும் கோயில் வரிக்கும் ஒன்றுகூடுகிறவர்கள் இதற்குக் கூடுவார்களா என்பது வேறு கேள்வி.

எல்லோருக்கும் தார் தேவையா? என் கணிப்பில், நாயுடுபுரத்தின் பெரும்பாலான முற்றங்களுக்குத் தேவையில்லை. சரிவு அதிகமான ஏற்றத்தில் ரோலர் ஒழுங்காக நிற்காது. கலவை கீழ்நோக்கி வழியும். அங்கே கோடு கீறிய கான்கிரீட்தான் நல்லது. மேட்டிலிருந்து வீடு வரை வெறும் பாதை என்றால், சக்கரம் ஓடும் இரண்டு தடங்களுக்கு மட்டும் கருங்கல்லோ கான்கிரீட்டோ பாவி, நடுவில் புல்லை விட்டுவிடலாம். செலவு பாதிக்கும் கீழே, ஓடும் நீரும் பாதிக்கும் கீழே. பேவர் பிளாக் என்றால் கார்களுக்கு 60 மி.மீ. போதும், வேன் வரும் என்றால் 80 மி.மீ.; அடியில் கல் அதே அளவு வேண்டும் என்பதை மறைத்து விற்கிறார்கள், ஜாக்கிரதை. நிழலான முற்றத்தில் பேவர் கல்மேல் பாசி பிடித்து வழுக்கும். தாருக்கும் பலவீனம் உண்டு: நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மேல்தோல் பிய்யும், டீசல் சொட்டினால் இளகும். வண்டிகள் ஓடும் சாலையைவிட வண்டிகள் நிற்கும் தளம் தாருக்குக் கடினமான இடம்.

தார்தான் வேண்டும், ஆனால் இடம் சிறியது என்பவர்களுக்குக் குளிர்க்கலவை என்று ஒன்று இருக்கிறது. தாரை நீரோடு கலந்த பால்மமாகப் பீப்பாயில் கொண்டுவந்து, காய்ச்சாமல் ஜல்லியோடு கலப்பது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2014இலேயே இதற்கு வழிகாட்டி நூல் வெளியிட்டுவிட்டது. வடகிழக்கு மாநிலங்களின் மலைச்சாலைகளில் புழக்கத்தில் இருக்கிறது. சூடு இறங்கிவிடுமே என்ற பதற்றம் இல்லை, விறகுப் புகை இல்லை. உலர்ந்து இறுகச் சில நாள் வண்டி விடாமல் இருக்க வேண்டும். அந்தச் சில நாள் வாடகையையும் பட்ஜெட்டில் எழுத வேண்டும். பழனி மலையில் இதைக் கேட்பவரே அரிது என்பதால் செய்பவரும் அரிது.

இன்னொரு முறையும் உண்டு. மதுரையில், இங்கிருந்து மூன்று மணி நேரத் தொலைவில், தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லிமேல் உருக்கிப் பூசித் தார் கலக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். தாரில் ஆறு முதல் எட்டு சதவீதம் வரை மிச்சமாகும்; ஈரம் உள்ளே புகுந்து ஜல்லி உதிர்வதும் குறையும். மழை ஊருக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. நம் ஐந்து சென்ட் முற்றத்துக்குக்கூட 70 கிலோவுக்கு மேல் பிளாஸ்டிக் பை செலவாகும். ஆனால், சுற்றுலாப் பயணி வீசும் தண்ணீர் பாட்டில் இதற்கு ஆகாது. அது வேறு வகைப் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் பை, பால் உறை வகைதான் வேண்டும்.

இனி நகராட்சிக்கு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வேலை நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வெளியூர் வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பு விதித்தது. ஆறாயிரமும் கார்கள் என்று வைத்துக்கொண்டு, ஒரு கார் நின்று திரும்ப 25 சதுர மீட்டர் என்று கணக்கிட்டால், 15 ஹெக்டேர் தளம் வேண்டும். கொடைக்கானல் ஏரியின் பரப்பே 24 ஹெக்டேர்தான். ஒரு வார இறுதியை நிறுத்த ஏரியில் பாதிக்கு மேல் கறுப்புத் தளம்! இதைக் கட்டப்போவது அரசு அல்ல. நாயுடுபுரத்திலும் ஆனந்தகிரியிலும் பாம்பார்புரத்திலும் மூன்று சென்ட், ஐந்து சென்ட்டாகத் தனியார் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் எத்தனை வண்டி நுழையலாம் என்று எண்ணும் நிர்வாகம், உள்ளே எத்தனை முற்றங்கள் தண்ணீரை உள்வாங்க மறுக்கின்றன என்பதை எண்ணவில்லை. கட்டடத்துக்கு வரைபட அனுமதி கேட்கிறோம். முற்றத்துக்குத் தளம் போடுவதற்கு ஒற்றைத் தாளில், தாழ்ந்த மூலை எது, வாய்க்கால் எங்கே சேர்கிறது, தொட்டி எத்தனை லிட்டர் என்று ஒரு படம் கேட்டால் என்ன குறைந்துவிடும்? கட்டணம்கூட வேண்டாம். கீழ்வீட்டுக்காரரின் கையெழுத்து ஒன்று அதில் இருந்தால் போதும். பாதி வழக்குகள் பிறக்காது.

அடுத்த குறிஞ்சி 2030இல் பூக்க வேண்டும். 2018 பூப்பைப் பார்த்தவர்களுக்கு அந்த மாதங்களின் கூட்டம் தெரியும். இப்போதே பலர் அதை மனதில் வைத்து முற்றத்தைத் தயார் செய்கிறார்கள். நல்ல அடித்தளத்தோடு போட்டது அதுவரை நிற்கும். இரண்டு சென்டிமீட்டர் தோசை வார்ப்பு நிற்காது. அதற்குள் இரண்டு முறை பெயர்த்துப் போட வேண்டியிருக்கும்.

பணம் கொடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கல் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, அடித்தளம் இறுகியதும் ஒரு பங்கு, தார் முடிந்ததும் ஒரு பங்கு. பத்து சதவீதம் வடகிழக்குப் பருவமழை கழியும்வரை கையில் இருக்கட்டும். அரசு வேலைகளில் இப்படிப் பிடித்தம் வைப்பது வழக்கம்தான். தனியார் வேலையில் காண்ட்ராக்டர் சம்மதிப்பது கடினம்; அவர் குவாரிக்கும் ரோலருக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தவர், பிப்ரவரி வேலைக்கு டிசம்பர்வரை காத்திருக்க மாட்டார். அதில் நியாயம் உண்டு. அப்படியானால் ஒரு சமரசம் இருக்கிறது. கணக்கு முடிக்கும் நாளில் ஒரு லாரித் தண்ணீரை, 5,000 லிட்டர், மேட்டு ஓரத்தில் ஒரே மூச்சாகத் திறந்துவிடச் சொல்லி இருவரும் நின்று பார்ப்பது. எங்கே தேங்குகிறது, எந்த ஓரத்தில் வழிகிறது, கீழ்வீட்டுச் சுவரில் ஈரம் தெரிகிறதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தேங்கினால் அன்றே சரிசெய்வார். ஆட்களும் ரோலரும் அங்கேயே இருப்பார்கள். தாழ்ந்த பக்கத்தில் தொட்டி கட்டியவருக்கு அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி தொட்டிக்கே வந்துவிடும். கோடையில் லாரித் தண்ணீர் விலை ஏறும் என்பதால், இந்தச் சோதனையை மார்ச்சுக்குள் முடிப்பது மலிவு. அதற்கான பணத்தையும் பட்ஜெட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.